நகரும் வீட்டுக்கு 540 வாட் பேனலும் 200 ஆம்பியர்-மணி பேட்டரியும்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஒரு டிராவலர் வேனைச் சிறு வீடாக மாற்றிக்கொண்டு, பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்தபடி ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் அதிலேயே வாழ்ந்து வருகிறோம். அந்த வண்டியின் கூரையில் பொருத்தியிருக்கும் சூரிய மின் அமைப்பைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஒரு சித்திரை வெயிலையும், ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும், உதகையின் ஜனவரிக் குளிரையும் இந்த அமைப்பு பார்த்துவிட்டது. ஆகவே கடையில் சொன்ன கணக்குக்கும் மீட்டரில் கண்ட கணக்குக்கும் உள்ள இடைவெளியை இப்போது துணிந்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வாங்கியவை இவை: 540 வாட் மோனோ பேனல் ஒன்று, 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பேனலின் உயர்ந்த வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி வகை சார்ஜ் கன்ட்ரோலர் (100 வோல்ட் 40 ஆம்பியர்), 1,000 வாட் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று, அவற்றுக்கான கேபிள்கள், பியூஸ்கள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் வாங்கி அங்கேயே பொருத்தியதில், கூலியும் சேர்த்து ரூ. 1,14,000 ஆயிற்று. இதில் ரூ. 52,000 பேட்டரிக்கு மட்டும் போனது. பேனலின் விலை ரூ. 13,500 தான். இந்த விகிதமே பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் சூரிய மின்சாரம் என்றதும் நாம் பேனலைத்தான் நினைக்கிறோம்.

இது எங்களுடைய இரண்டாவது அமைப்பு. முதலாவதை வேறோர் ஊரில், வேறொரு கடையில், 'ஒரு கிலோவாட் சோலார் செட்' என்று சொல்லி ரூ. 38,000-க்கு விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் அந்த ஒரு கிலோவாட் என்பது இன்வெர்ட்டரின் மேல் எழுதியிருந்த 1,100 விஏ என்ற எண்ணிலிருந்து வந்தது. பேனல் 200 வாட். பேட்டரி வீட்டு இன்வெர்ட்டர்களில் வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர். கன்ட்ரோலர், பேனலின் உபரி வோல்டேஜை வீணாக்கிவிடும் மிகச் சாதாரணமான பிடபிள்யூஎம் வகை. இன்வெர்ட்டரின் கிலோவாட், ஒரே நேரத்தில் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. வாளியின் அளவைக் காட்டிக் கிணற்றை விற்பதைப் போன்றது இது. இன்வெர்ட்டர் வாளி என்றால் பேட்டரிதான் கிணறு, பேனல்தான் ஊற்று. எங்கள் கிணற்றில் பாதிக்கு மேல் இறைக்கக் கூடாது, ஊற்றோ ஒரு நாளைக்கு 600 வாட்-மணிக்கு (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) மேல் சுரக்கவில்லை. ஈய அமில பேட்டரி நாள்தோறும் முழுமையாக ஏறாமலே கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். ஒன்பது மாதங்களில் எங்கள் பேட்டரி இரவு பதினொரு மணிக்கே கைவிட்டுவிடும் நிலைக்கு வந்தது. அமில நெடியோடு சுமார் 55 கிலோ எடையைப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்கிய மாதங்கள் அவை. சார்ஜ் ஏறும்போது அந்த வகை பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், மூடிய வண்டிக்குள் அது வைக்கத் தக்கதே அன்று.

இரண்டாவது கடையில் எனக்குப் பிடித்துப்போன முதல் விஷயம், அங்கிருந்த தொழில்நுட்பர் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கேட்கவில்லை. "சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலையில எட்டு மணி வரைக்கும் வண்டிக்குள்ள என்னென்ன ஓடும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார், பேட்டரியை அப்புறம் பேசலாம்" என்றார். நகரும் வீட்டுக்கு மின் அமைப்பை அளவிடும் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பகலில் ஓடுவதைப் பேனல் நேரடியாகச் சுமந்துகொள்ளும். சூரியன் இல்லாத பதினான்கு மணி நேரத்தைச் சுமப்பது பேட்டரி மட்டுமே.

நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைவிட, பிறகு ஷன்ட் மீட்டர் காட்டிய கணக்கே நம்பத்தக்கது என்பதால் அதையே இங்கே தருகிறேன். கோடையில் ஒரு நாளைக்கு எங்கள் 45 லிட்டர் கம்ப்ரஸர் குளிர்பெட்டி 620 வாட்-மணி எடுக்கிறது. 12 வோல்ட் மின்விசிறிகள் இரண்டும் 20 வாட் வீதம் பதினான்கு மணி நேரம் ஓடினால் 560. விளக்குகள் 50, மடிக்கணினி 150, கைப்பேசிகளும் வைஃபை மோடமும் 80, தண்ணீர் மோட்டார் 15, மிக்ஸி 60. எங்கள் இட்லி தோசை மாவு வண்டியிலேயே அரைபடுகிறது. 150 வாட் மேசை கிரைண்டரை ஒன்றுவிட்டு ஒருநாள் முப்பத்தைந்து நிமிடம் ஓட்டுவதால் சராசரியாக 44. இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,600 வாட்-மணி, அதாவது மின்வாரிய அட்டையில் எழுதும் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். இந்த மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கைக் குளிர்பெட்டியும் மின்விசிறியும் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மிக்ஸியையும் கிரைண்டரையும் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அவை இழுக்கும் வாட் பெரிதே தவிர, ஓடும் நேரம் குறைவு என்பதால் நாள் கணக்கில் அவை சிறு செலவுகள். மின்விசிறியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் பேட்டரியில் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். 75 வாட் எடுக்கும் சாதாரண விசிறி ஒன்றே பத்து மணி நேரத்தில் 750 வாட்-மணியைத் தின்றுவிடும்.

இன்வெர்ட்டரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். எதையும் இணைக்காமல் வெறுமனே இயக்கி வைத்தாலே எங்கள் இன்வெர்ட்டர் 14 வாட் எடுக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு அது 336 வாட்-மணி. எங்கள் கோடைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் இரண்டு வாரங்கள் அதை அணைக்காமல் விட்டுவிட்டு, பேட்டரி ஏன் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். இப்போது விசிறி, விளக்கு, குளிர்பெட்டி, கைப்பேசி சார்ஜர் அனைத்தும் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடுகின்றன. இன்வெர்ட்டர் சமையல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே விழித்திருக்கிறது. இன்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. ஒரு மணி நேரச் சமையலுக்கு 1,200 வாட்-மணிக்கு மேல் கேட்கும் அடுப்புக்காகப் பேட்டரியை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதைவிட, எரிவாயு அடுப்பில் குக்கரை வைப்பது மேல்.

பேனலின் அளவைக் கணக்கிட அந்தத் தொழில்நுட்பர் சொல்லிக் கொடுத்த வழி எளியது. நாள் செலவை, அந்த ஊரில் முழு வெயிலுக்கு ஈடாகக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்து, வெப்பம், தூசி, கம்பி, கன்ட்ரோலர் ஆகியவற்றில் போகும் இழப்புகளுக்காக மீண்டும் 0.7-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வெயில் நேரத்தை ஆண்டுச் சராசரியாக ஐந்து மணி என்று கொள்ளலாம். 1,600-ஐ ஐந்தாலும் 0.7-ஆலும் வகுத்தால் 457 வாட். மழைக்காலத்தில் மூன்று மணி நேரமே கிடைக்கும் என்று கொண்டாலும், அப்போது குளிர்பெட்டி 340 வாட்-மணியோடு நின்றுவிடுகிறது, விசிறிகளும் பாதி நேரம் உறங்குகின்றன. எங்கள் மொத்தச் செலவு 900-க்கு இறங்கிவிடுகிறது. அதே கணக்கில் வகுத்தால் 430 வாட் வருகிறது. வெயிலும் செலவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குவது நம் நாட்டில் வண்டியில் வாழ்பவர்களுக்கு வாய்த்த பெரும் நன்மை. குளிர்காலத்தில் வெயில் குறைந்து, சூடேற்றும் செலவு கூடும் நாடுகளில் இந்தக் கணக்கு தலைகீழ். ஆகவே வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அங்குள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பேனலைச் சாய்த்து வைக்கும் சட்டங்களையும் அங்கே பெரிதாகப் பேசுகிறார்கள். தமிழ்நாடு 8 முதல் 13.5 டிகிரி வரையிலான வட அட்சரேகைக்குள் கிடக்கிறது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். கூரையில் கிடைமட்டமாகக் கிடக்கும் பேனல் இங்கே இழப்பது மிகச் சொற்பம்.

வெப்பம் வேறு கதை. பேனலில் அச்சிட்டிருக்கும் 540 வாட், அதன் செல்கள் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மாத நண்பகலில் செல்களின் வெப்பம் 65 டிகிரியை எட்டும், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். தஞ்சாவூருக்கு அருகே திறந்த வெளியில் நிறுத்தியிருந்தபோது நண்பகலில் நான் கண்ட உச்ச அளவு 430 வாட்டைத் தாண்டவில்லை. இதைக் குறையாக நான் எழுதவில்லை. எந்தப் பேனலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். கூரைக்கும் பேனலுக்கும் இடையே எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தியதால் காற்று புகுந்து சற்றே தணிக்கிறது. அதைவிட, 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பலகை, நாங்கள் படுக்கும் பகுதிக்கு மேலே ஒரு நிழற்பந்தல்போல அமைந்து, வண்டிக்குள் ஏறும் சூட்டையும் குறைத்திருக்கிறது. 200 வாட் சிறு பேனல்கள் இரண்டைவிட வீட்டுக் கூரைகளில் வைக்கும் இந்தப் பெரிய வகை, வாட் கணக்கில் மலிவு. ஆனால் அதன் வோல்டேஜ் 40-க்கு மேல் என்பதால் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரோடு இணைத்தால் பெரும்பகுதி வீணாகும், எம்பிபிடி கட்டாயம்.

நிழல்தான் எங்கள் உண்மையான எதிரி. 276 பாடல் பெற்ற தலங்களில் 190 சோழ நாட்டில், காவிரியின் இரு கரைகளிலும் இருக்கின்றன. அந்தக் கோயில்களின் வாசலில் வண்டி நிறுத்தும் இடமெல்லாம் மரத்தடிகள். மரத்தடியில் நின்றால் உள்ளே குளிர்ச்சி, பேனலுக்குப் பட்டினி. பேனலின் கால் பகுதியில் ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும், செல்கள் சங்கிலியாக இணைந்திருப்பதால், இழப்பு கால் பங்கோடு நிற்பதில்லை. மயிலாடுதுறைக்கு அருகே ஒரு வேப்பமரத்தடியில் உச்சி வெயிலில் 80 வாட் மட்டுமே வந்ததை மீட்டரில் பார்த்தேன். இதற்காகவே பிறகு ரூ. 11,000-க்கு 120 வாட் மடிப்புப் பேனல் ஒன்றை, அதற்குத் தனிக் கன்ட்ரோலரோடு வாங்கினோம். பத்து மீட்டர் தொலைவில் வெயிலில் விரித்து 6 ஸ்கொயர் எம்எம் கேபிளில் இழுத்தால் ஆறேழு ஆம்பியர் வருகிறது. அது பசியாற்றாது, விசிறிகளுக்கு மட்டும் போதும். யாராவது ஒருவர் காவலுக்கு இருக்க வேண்டியிருப்பதும் இடைஞ்சல்தான். மடிப்புப் பேனலை முதன்மையாக நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

பேட்டரிக்கு வருகிறேன். 12.8 வோல்ட்டை 200 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 2,560 வாட்-மணி. கோடை இரவு ஒன்றுக்கு எங்கள் செலவு சுமார் 790. அதாவது 31 சதவீதம். முந்தைய மாலை முழுதாக ஏறியிருந்தால் காலை எட்டு மணிக்கு 69 சதவீதம் இருக்கும். நல்ல வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மீண்டும் நிறைந்துவிடும். 100 ஆம்பியர்-மணி எடுத்திருந்தால் இரவைக் கடத்தியிருக்கலாம். ஒரு மழை நாளைக் கடத்தியிருக்க முடியாது. கார்த்திகையில் திருவாரூர்ப் பக்கம் மூன்று நாள் அடைமழையில் சிக்கிக்கொண்டபோது பேனல் தந்தது முதல் நாள் 620, இரண்டாம் நாள் 410, மூன்றாம் நாள் 560 வாட்-மணி. எங்கள் செலவு நாளுக்கு 900. பேட்டரி 96 சதவீதத்தில் தொடங்கி மூன்றாம் நாள் மாலை 53-இல் நின்றது. நான்காம் நாள் கிளம்பி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியதில் டிசி-டிசி சார்ஜர் 800 வாட்-மணியை ஏற்றித் தந்தது. மழைக்காலத்தில் அந்த ரூ. 14,000 சாதனம் இன்னொரு பேனலைவிடப் பயனுள்ளது. அதைத் தவிர்த்துவிட்டு ஆல்டர்னேட்டரை நேரே லித்தியம் பேட்டரியோடு இணைப்பது ஆபத்து. உள்தடை மிகக் குறைந்த இந்த பேட்டரி அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும்.

லித்தியம் என்றாலே தீப்பிடிக்கும் என்று உறவினர் பலர் எங்களை எச்சரித்தார்கள். கைப்பேசியில் இருக்கும் கோபால்ட் வகையும் இரும்பு பாஸ்பேட் வகையும் ஒன்றல்ல. பாஸ்பேட் அமைப்பில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டில் அது எளிதில் விடுபடுவதில்லை. இந்த வேதிப்பொருளை அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு டெக்ஸாஸில் 1997-இல் வெளியிட்டது. அதற்கு வழிவகுத்த, சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை 1980-களில் குட்இனஃபுடன் சேர்ந்து ஆராய்ந்தவர், மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃப் பெற்ற நோபல் பரிசுக்கான உரையை அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவரும் மந்திரமே. எங்கள் படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் மதுரையின் படிப்பும் கொஞ்சம் இருக்கிறது என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கும் அதில் பெருமை உண்டு.

அந்தப் பெட்டியின் எடை 24 கிலோ. பழைய டியூபுலரின் பாதிக்கும் குறைவான எடையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பயன்படுத்தத் தக்க மின்சாரம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று தானாகவே தடுத்துவிடும். உதகையில் ஜனவரியில் வெளியே புல்லில் உறைபனி படர்ந்த காலையில் வண்டிக்குள் பேட்டரி 7 டிகிரி காட்டியது, சிக்கல் ஏதுமில்லை. நம் ஊரில் அஞ்ச வேண்டியது எதிர்ப்பக்கம். மே மாதத்தில் பேட்டரிப் பெட்டிக்குள் 45 டிகிரி வரை போனதால், அதன் இரு பக்கங்களிலும் துளையிட்டுச் சிறு விசிறி ஒன்றை வைத்தோம்.

குறைகளும் உண்டு. கன்ட்ரோலர் ஈய அமில பேட்டரிக்கான அமைப்பில் வந்திருந்தது. அதை மாற்றாமலே பொருத்திவிட்டார்கள். ஈய அமில செல்களைச் சமன்படுத்தும் ஈக்வலைசேஷன் என்ற பெயரில் அது மாதம் ஒருமுறை வோல்டேஜை 14.6-க்கு மேல் ஏற்றப் பார்த்து, பிஎம்எஸ் துண்டித்து, நண்பகலில் வண்டியே இருண்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போது 14.2 வோல்ட்டில் நிறுத்தி, ஃப்ளோட்டை (நிறைந்த பின் தாங்கி நிற்கும் வோல்டேஜை) 13.5-இல் வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரோடு பெட்டியில் வந்த கேபிள் 10 ஸ்கொயர் எம்எம் மட்டுமே. 1,000 வாட் பளுவுக்கு 12 வோல்ட் அமைப்பில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது அந்தக் கேபிள் தொடமுடியாத அளவு சுட்டது. 35 ஸ்கொயர் எம்எம் கேபிளாக மாற்றி, பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 125 ஆம்பியர் பியூஸ் வைக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் மறுபேச்சின்றிக் கூலி வாங்காமல் செய்து தந்தார்கள். பேனல் பக்கம் டிசி எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயன்படும் ஏசி எம்சிபி, நேர் மின்னோட்டத்தின் தீப்பொறியை அணைக்கும் வகையில் அமைக்கப்பட்டதன்று.

பேட்டரியின் மேலே நான்கு விளக்குகளோடு இருக்கும் அளவுகாட்டியை நம்ப வேண்டாம். இந்த வகை பேட்டரி 80 சதவீதத்திலிருந்து 30 வரை இறங்கும்போதும் வோல்டேஜ் கிட்டத்தட்ட 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், வோல்டேஜைப் பார்த்து மீதத்தைச் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் ரூ. 2,500-க்குக் கிடைக்கிறது. இன்னும் எதையும் வாங்காதவர்கள்கூட இதை முதலில் வாங்கி, இருக்கும் பழைய பேட்டரியில் இணைத்து ஒரு வாரம் அளந்து பார்த்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

இந்த அமைப்பு, குளிர்பெட்டியோடு இருவர் வாழும் வண்டிக்கு ஏற்றது. குளிர்பெட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. 200 வாட் பேனலும் 100 ஆம்பியர்-மணி லித்தியமும் தாராளம். மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரியின் குடிலில், மூங்கில் கழியில் கட்டிய 40 வாட் பேனலையும் 12 வோல்ட் 26 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியையும் பார்த்தேன். "ரெண்டு லைட்டு, மூணு போனு, அம்புட்டுதாங்கய்யா" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: செலவு நாளுக்கு 80 வாட்-மணி, வரவு 140, பேட்டரியில் பாதியைத் தொட்டாலும் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். ஆண்டு முழுவதும் இடம்பெயர்ந்து வாழ்கிற அவருடைய அமைப்பைவிடச் சரியாக அளவெடுத்த ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஏதுமில்லை. வாரம் ஒருமுறை விடியற்காலையில் பேனலை ஈரத்துணியால் துடைக்கிறேன். செங்கல் சூளைகள் இருக்கும் பக்கம் போனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. வண்டியின் அதிர்வில் கேபிள் முனைகளைப் பிடிக்கும் லக் போல்ட்டுகள் தளர்வதுதான் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று. தளர்ந்த இணைப்பு சுடும், சுட்டால் மேலும் தளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதலில் பேனலையும் பிறகு பேட்டரியையும் துண்டித்துவிட்டு எல்லாவற்றையும் முறுக்குகிறேன். திரும்ப இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு பேட்டரி முதலில், பேனல் பிறகு. சென்ற வாரம் பார்த்தபோது பதினாறு போல்ட்டுகளில் இரண்டு அரைச்சுற்று தளர்ந்திருந்தன.